எழுபது வளைவு வைத்தியம்

பத்து வயதிலேயே நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். பார்த்தது உண்மை, பலித்ததும் உண்மை.

சித்திக்கு மார்பில் கட்டி. அறுவை முடிந்து, சேலத்து ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். மருந்து ஏறினால் வாந்தி வந்தது போய், எங்கள் மலைமேல் செம்மேட்டில் பஸ்ஸைப் பார்த்தாலே வாந்தி என்றாகிவிட்டது. இன்னும் மூன்று தடவை பாக்கி. "செத்தாலும் சரி, இனி அந்த பஸ்ஸுல ஏற மாட்டேன்" என்று சித்தி சொல்லிவிட்டாள். சித்தப்பா கெஞ்சினார், திட்டினார், பிறகு மிளகுக் கொடிப் பக்கம் போய் நின்று அழுதார்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே பேச்சாலேயே மனதைத் தளர்த்தும் ஹிப்னோதெரபி செய்யும் அம்மா ஒருவர் இருந்தார். சித்தப்பா அவரைத் தேடிப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன்.

"ஏனுங்க, இது வசிய வேலைங்களா?" என்றார் சித்தப்பா.

"இல்லீங்க. நோய்க்கு டாக்டர் குடுக்கற மருந்துதான், அத நிறுத்தவே கூடாது. நெனச்சாலே வாந்தி வர்றவங்க, ஊசியக் கண்டாலே நடுங்கறவங்க, இந்த மாதிரி ஆளுங்களுக்கு இது ஒத்தாசை பண்ணும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன்" என்றவர், தன் குரலைச் செல்போனில் பதிந்து கொடுத்தார்.

வீட்டில் அதைப் போட்டோம். 'நீங்கள் கடற்கரையில் படுத்திருக்கிறீர்கள், அலை வருகிறது, போகிறது' என்றது போன்.

"கடல நான் எங்க கண்ணு கண்டேன்? வருது போகுதுங்கவும் வயித்தப் பொரட்டுது" என்று சித்தி அதைத் தள்ளிவிட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடல் வேண்டாமென்றால் விடு, நம் மலை இருக்கிறதே! மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை, இறங்கும்போது எழுபதிலிருந்து ஒன்றுவரை. அலைக்குப் பதில் வளைவுகளை எண்ணி நாலு நாள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம். ஐந்தாம் நாள் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"எழுபது, கண்ண மூடு சித்தி. அறுபத்தொம்பது, நெத்தி எளகுது. அறுபத்தெட்டு, தோளு எறங்குது."

நாற்பதாவது வளைவுக்குள் இளகுவதற்கு உடம்பில் பாகமே மீதியில்லை. அசருவேனா? சாமைக்காடு இளகியது, ஆடுகள் இளகின, இருபத்து மூன்றில் சித்தப்பாவின் மீசை இளகியது. சித்தியின் உதடு கோணிக்கொண்டு சிரித்தது. மூன்று தடவையும் இப்படியே போய் வந்தோம். அவள் ஒரே ஒருமுறைதான் வாந்திக்குக் கவரைக் கேட்டாள், அதுவும் சேலம் பஸ் ஸ்டாண்டு நாற்றத்துக்கு. பள்ளியில் நான் டாக்டர் என்றே நடந்துகொண்டேன்.

கடைசி மருந்தும் முடிந்து மலையேறும்போது சித்தி திடீரென்று அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகையில்லை, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் பதறி, "கண்ண மூடு சித்தி, எழுபது, அறுபத்தொம்பது" என்று தொடங்கினேன்.

"வேண்டாஞ் சாமி. அழுதுக்கறேன், விடு."

சித்தப்பாவும் தடுக்கவில்லை. கடைசி வளைவுவரை அவள் அழுதாள். மருந்து முடிந்துவிட்டது, வாந்தி இல்லை, இனி என்ன அழுகை? என் வைத்தியத்தின் மானமே போயிற்று என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவளோடு பேசாமலே வீடுவரை வந்தேன். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து சித்தி அதுவரை ஒருமுறைகூட அழுததில்லை என்பது எனக்கு அன்று உறைக்கவே இல்லை.