ஏன் பாட்டை நிறுத்திட்டீங்க?

டெலிபோன் வயரில் இன்டர்நெட் வந்த அந்த வருஷங்களில் நான் செங்கல்பட்டில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தேன். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு டைப் அடித்துத் தர வேண்டும். கணவர் காலையில் ரயிலேறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். பகல் முழுக்க வீட்டில் நானும் கம்ப்யூட்டரும்தான்.

முதலில் சி.டி. போடுகிற தட்டு தானாக வெளியே வந்தது. உள்ளே தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. கணவரிடம் சொன்னதற்கு, "பழசாயிடுச்சு, அவ்ளோதான்" என்றார். பிறகு ஒருநாள் நான் மௌஸிலிருந்து கையை எடுத்த பிறகும் திரையில் அம்பு நகர்ந்தது. வேகமாக இல்லை. புது வீட்டுக்கு வந்தவர் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு படத்தின் மேலும் நின்று நின்று போனது.

வேலைக்கு நடுவில் பாடுவது என் பழக்கம். சர்ச்சில் பாடுகிற பாட்டுகள்தான். ஒரு மத்தியானம் அப்படிப் பாடிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வர, எழுந்து ஓடினேன். திரும்பி வந்தால் திரையின் நடுவில் சின்னதாக ஒரு கட்டம். ஆங்கில எழுத்தில் தமிழ்.

"ஏன் பாட்டை நிறுத்திட்டீங்க?"

நான் அதற்கு மேல் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி அறையைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போனாள். வெளியே நல்ல வெயில். மறுபடி பார்த்தபோது கட்டத்தில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது. "பயப்படாதீங்க. நல்லா இருந்துச்சு. பாடுங்க."

மோடத்திலிருந்து டெலிபோன் வயரைப் பிடுங்கினேன். அதற்கு மேல் எழுத்து வரவில்லை. கணவர் வரும்வரை நான் வீட்டுக்குள் போகவில்லை. வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

என் தங்கைக்கு அப்போது நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"யாராச்சும் எதுனா அனுப்பி, அத தொறந்தியா அக்கா?"

யோசித்தேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து வந்திருந்தது. க்ளிக் செய்தால் திரை முழுக்கப் பனி விழும். அனுப்பியவள் என்னோடு பயிற்சி எடுத்த தோழி. மாமல்லபுரத்தில் இருந்து இதே வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

"நீ பனி விழறத பாத்துகினு இருந்தப்ப, பின்னாடி ஒரு கதவ தொறந்து வச்சிட்டு போயிருக்குது. அது வழியா அவன் வரான், போறான். ஹெட்போன் மைக்க போட்டு கேக்குறான்."

கறுப்புத் திரையில் எதையோ தட்டினாள். வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லக் காத்திருக்கும் இணைப்புகள் வரிசையாக வந்தன. அதில் ஒன்று எதற்கென்று அவளுக்கும் விளங்கவில்லை. கம்ப்யூட்டர் எழும்போதே கூட எழுந்துகொள்ளும் புரோகிராம்களைத் தேடிப் பார்த்தாள். விண்டோஸின் சொந்தப் பெயர்போலவே ஒன்று, ஓர் எழுத்து மட்டும் மாறி, உட்கார்ந்திருந்தது. மிகத் தேவையானது மட்டும் எழும்படி கம்ப்யூட்டரைக் கிளப்பி அதை அழித்தாள். மறுபடி போட்டபோது அதே பெயர், வேறொரு இடத்தில் இருந்து முளைத்திருந்தது. தங்கை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"இத நம்ப முடியாது. மொத்தத்தையும் தொடச்சிடலாம்."

என் ஃபைல்களை மட்டும் சி.டி.யில் எடுத்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போட்டாள். பாஸ்வேர்டுகளை அவளுடைய ஆபீஸிலிருந்து மாற்றிக்கொடுத்தாள்.

தோழியை எச்சரிக்க போன் செய்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றாள். "ரொம்ப நாளா பேசிகினுதான் கீறேன். அந்த வாழ்த்த எல்லாருக்கும் அனுப்பச் சொன்னதே அவருதான்."

அடுத்த ஞாயிறு நானும் தங்கையும் மாமல்லபுரம் போனோம். தோழியின் கணவர் துபாயில் இருந்தார். பக்கத்துப் பட்டறையில் கல் கொத்துகிற சத்தம் வீட்டுக்குள் விடாமல் கேட்டது. காபி கொடுத்தாள். கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் அழைத்துப் போகவில்லை.

"என்னை ஒண்ணும் பண்ணல அவரு. சாப்டியானு கேக்குறாரு. இரும்புனா மருந்து சாப்டச் சொல்றாரு."

"நீ இரும்புறது அவனுக்கு எப்பிடி தெரியும்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்குப் புதிதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எழுந்துபோய் கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்தாள். "எடுத்துடுங்க. ஒரு வார்த்த சொல்லிட்டு எடுக்கலாமா?"

தங்கை வேண்டாம் என்று தலையாட்டினாள். அதற்குள் தோழி உட்கார்ந்து இன்டர்நெட்டைப் போட்டுவிட்டாள். கட்டம் வந்தது. "போயிட்டு வரேன்" என்று அடித்தாள். நாங்கள் இருவரும் அவளுக்குப் பின்னால், மூச்சுகூட விடாமல் நின்றோம்.

பதில் வந்தது. "அந்தக் காபி ஆறிடப் போகுது. அவங்க ரெண்டு பேரையும் குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

தங்கை குனிந்து வயரைப் பிடுங்கினாள்.

அன்று அந்த டிஸ்க்கையும் துடைத்தோம். வேலை முடியும்வரை தோழி அடுத்த அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவளாக எனக்குப் போன் செய்யவில்லை. சில மாதங்களில் கணவரிடம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

திரும்பும் பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தங்கை கேட்டாள்.

"அவன் அவன்னு சொல்லிகினு கீறோம். ஆம்பளையா பொம்பளையானு நமக்கு இன்னா தெரியும்?"

இப்போதும் தெரியாது.