முகவரிகளில் நடப்பவர்

படிவத்தைக் கையில் எடுத்தால் பெயரைப் பார்க்கமாட்டார், முதலில் முகவரிதான். படித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். அந்தத் தெருவுக்குப் போய், மாடிப்படி ஏறி, கதவு பச்சையா நீலமா என்று பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகே விரல்கள் வேலையில் இறங்கும். பக்கத்து இருக்கைக்காரி முதல் வாரம் பயந்தேபோனாள், வேலை நேரத்தில் இப்படித் தூங்குகிறாரே என்று. "தூங்கலம்மா. போயிட்டு வரேன்" என்றார்.

எல்லாருக்கும் அவர் டைப்பிங் அக்கா. வயது நாற்பத்தெட்டு. அரசாங்கம் தன் முகவரிப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்பந்தத்துக்கு விட்டது. கம்பெனி டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், பதினெட்டுக் கம்ப்யூட்டர்களைப் போட்டது. ஜன்னலோரத்தில் இருப்பது அக்காவுடையது. மத்தியான வெயில் விழுந்து திரையில் எழுத்தெல்லாம் வெளுத்துப்போகும். நகர்த்திப் போடலாமே என்றால் கேட்கமாட்டார்; அந்த வெளிச்சத்தில்தான் வீடுகள் நன்றாகத் தெரிகின்றனவாம். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவர் அடித்ததில் பிழை கண்டுபிடிக்க ஒருவர் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும்.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பிட்டுக்கொண்டே எங்கோ போய்விடுவார். "ஊர்ல இருக்கற வீட்டுக்கெல்லாம் போற. நம்ம வீட்டுக்கு எப்ப வருவ?" என்பார் கணவர்.

சில படிவங்களில் சிவப்பு முத்திரை இருக்கும்: வெளியிடக் கூடாது. தேடித் திரிகிற புருஷனிடமிருந்து ஒளிந்து வாழ்கிறவர்களின் முகவரிகள் அவை. போன் நம்பர்கூட இருக்காது. அவற்றைத் தனிக் கோப்பில் ஏற்ற வேண்டும். அதில் நாற்பத்தோராவது வரியில் ஒரு தாயும் மகளும். அவர்கள்மேல் அக்காவுக்குத் தனிப் பாசம். அடிக்கடி அங்கே போய்வருவார். ஜன்னலில் குட்டிச் சட்டை காயும். கதவை யாரும் தட்டமாட்டார்கள். மனம் நிறைந்து திரும்புவார்.

அந்தக் கோப்பைத்தான் அக்கா வெளியே விட்டார். வேண்டுமென்றா செய்தார், பாவம்? பக்கத்து இருக்கைக்காரிக்குக் காய்ச்சல். வீட்டிலிருந்தே சரிபார்க்கட்டும் என்று கோப்பை இணையத்தில் ஏற்றினார். கடவுச்சொல் வைத்தால் அவள் திணறுவாளே என்று, லிங்க் கிடைத்த எவரும் திறக்கும்படி விட்டு, அலுவலக வாட்ஸப் குழுவில் போட்டார். அங்கே எல்லாரும் செய்வது இதுதான். வேலையை விட்டுப் போனவர்களில் பாதிப்பேர் இன்னும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கம்பெனியின் உதவி எண்ணுக்கு ஓர் ஆண்குரல் வந்தது. ஒரு பெயரையும் முகவரியையும் கடகடவென்று வாசித்துவிட்டு, இன்னும் அங்கேதான் இருக்கிறாளா என்று கேட்டது. காய்ச்சல் தேறி வந்திருந்தவள் திரையைப் பார்த்து, "ஆமா சார், அதேதான்" என்றாள். நாற்பத்தோராவது வரி. அவள் திரையை எட்டிப் பார்த்த அக்கா சூப்பர்வைசரிடம் ஓடினார்.

சூப்பர்வைசர் லிங்கை அழித்தார். விஷயம் மேலே தெரிந்தால் ஒப்பந்தம் போய்விடும், பதினெட்டுப் பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான், ஒருவரும் மூச்சு விடக் கூடாது என்றார். போலீசுக்காவது சொல்லலாம் என்று அக்கா கெஞ்சிப் பார்த்தார். அதற்கும் அவர் மசியவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு யாரு சார் சொல்றது?"

"நம்ம வேலை டைப் அடிக்கறதுதான், அக்கா. அதைப் பாருங்க."

அக்கா அதைப் பார்க்கவில்லை. எழுந்து, படியிறங்கி, பஸ் ஏறினார். எத்தனையோ முறை வந்துபோன தெரு. நேரில் வேறாக இருந்தது. நிழலுக்கு ஒரு மரமில்லை. வெயிலில் தெருவே அரைத் தூக்கத்தில் கிடந்தது. இரண்டாவது மாடியில் கதவு பச்சையுமில்லை, நீலமுமில்லை, துருப்பிடித்த தகரம். ஒரு கணம் தானும் கனவில்தான் நிற்கிறோமோ என்று தோன்றியது. தட்டினார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த குழந்தைப் பேச்சு சட்டென்று நின்றது. கதவை ஒட்டி ஒரு பெண்குரல் யாரென்று கேட்டது.

"உங்க வீட்டுக்காரருக்கு இந்த இடம் தெரிஞ்சுபோச்சும்மா. குழந்தையைக் கூட்டிட்டு உடனே கிளம்பிடு."

"உங்களுக்கு எப்படித் தெரியும் இந்த இடம்? அவன்தான் அனுப்பினானா?"

உண்மையைச் சொன்னால் அக்காவின் வேலை போகும். மற்ற பதினேழு பேருடையதும் போகும். சொல்லாவிட்டால் இந்தக் கதவு திறக்காது. அக்கா தன் பெயரும் படமும் முகவரிப் பதிவேட்டுக் கம்பெனியின் முத்திரையும் உள்ள அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினார். குனிந்து, கதவுக்கு அடியிலிருந்த இடுக்கு வழியாக அதை உள்ளே தள்ளினார்.