குழாய், குளாய், குலாய்

கடைசி வரியிலிருந்துதான் சாந்தினி படிக்கத் தொடங்குவாள். தாளின் அடிப்பகுதியில் ஓர் அளவுகோலை வைத்து, ஒரு வரி முடிந்ததும் அதை மேலே தள்ளி, அடுத்த வரிக்கு ஏறுவாள். இப்படியே தலைப்பு வரை போவாள். பாக்கார் ஆராங் பகுதியிலுள்ள அவள் வீட்டின் சாப்பாட்டு மேசையில், விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைக் காலைகளில், பக்கத்தில் ரொட்டி ஆறிக் கிடக்க இது நடக்கும்.

"மேலேருந்து படிச்சா நம்பிக்கிட்டே போயிருவோம்ணே," என்பாள் அண்ணன் புவனேசனிடம். "கீழேருந்து வந்தாத்தான் ஒவ்வொரு வரியும் தனியா மாட்டும்."

திருடன் மாட்டுவதைச் சொல்வது போலத்தான் சொல்வாள். வயது இருபத்திரண்டு. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. அங்குள்ள தமிழ் மாணவர்கள் நடத்தும் 'வடதிசை' பத்திரிகையின் ஆசிரியர். பருவத்துக்கு மூன்று இதழ், இதழுக்கு எட்டுப் பக்கம், அறுநூறு பிரதி. ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்த அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் பத்திரிகையில் பெயர் வந்தவர்கள் எல்லாம் மரண அறிவிப்பில் வந்தவர்கள். உயிரோடு இருந்து பெயர் வந்த முதல் ஆள் அவள்தான்.

எதையும் லேசில் நம்ப மாட்டாள். நாசி லெமாக் சோறு வாங்கினால் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே நெத்திலி இருப்பதைப் பார்த்த பிறகே கடையை விட்டு நகர்வாள். பேச்சுப் போட்டியில் வென்ற பிரேமாவதி என்ற மாணவியின் பெயரைப் போடும் முன் அடையாள அட்டையைக் கேட்டாள்.

"ஏய், என் பேரு எனக்குத் தெரியாதா?"

"ஐசியைக் காட்டுலா."

அட்டையில் 'பிரமாவதி' என்று இருந்தது.

"அது பதிவு ஆபிஸ்காரன் செஞ்ச தப்பு. விடு."

"அப்ப எந்தப் பேருக்குப் பரிசு கொடுத்தாங்க?" என்று கேட்டு, போட்டி நடத்தியவர்களுக்குப் போன் செய்துவிட்டுத்தான் பெயரைப் போட்டாள். இதைக் கேட்ட அம்மா, "இவ படிக்கப் போனாளா, போலிஸ் வேலைக்குப் போனாளா?" என்றார்.

பத்திரிகை ஜித்ராவில் ஒரு சின்ன அச்சுக்கடையில் அடிக்கப்படுகிறது. கடைக்காரச் சீனருக்குத் தமிழ் தெரியாது. ஒரு தடவை அவருடைய கணினியில் எழுத்துரு மாறி, கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனித்தனியாக நின்றன. அறுநூறு பிரதியும் அப்படியே வெளிவந்தன. "அழகாத்தானே இருக்கு, பொண்ணு! எனக்கு எல்லாம் பூ மாதிரிதான் தெரியுது," என்றார் அவர் மலாயில். அப்போது ஆசிரியராக இருந்தவர் வேறு ஒரு மாணவி. ஆனால் சாந்தினி அதை மறக்கவில்லை. இப்போது அச்சு ஓடும்போது இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்கிறாள். ஐம்பது பிரதிக்கு ஒன்றை உருவி, வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள்.

'வடதிசை' தொடங்கி முப்பது ஆண்டு ஆகப்போகிறது. முதல் இதழ்கள் கையால் எழுதி நகலெடுக்கப்பட்டவை. தமிழ் மன்ற அறையின் இரும்பு அலமாரியில் எல்லா இதழும் வரிசையாக இருக்கின்றன, பதினேழாம் இதழைத் தவிர. பதினாறுக்குப் பிறகு பதினெட்டு. இது போதாதா அவளுக்கு? யாரோ தடுத்திருக்கிறார்கள், அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று முடிவு செய்தாள். பழைய மாணவர்கள் பதினொரு பேருக்குப் போன் போட்டாள். பதினோராவது ஆள் கோலா கெடாவில் படகு டிக்கெட் விற்பவர். அவர் சிரித்துவிட்டார். அந்த வருடப் பொங்கல் விருந்தில் வாழை இலை தீர்ந்துபோக, அப்போதுதான் கட்டாக வந்து இறங்கிய பதினேழாம் இதழை விரித்து எல்லாருக்கும் சோறு போட்டார்களாம்.

போனை வைத்த பிறகும் அவள் முகம் தெளியவில்லை. "சரி, விரிச்சாங்க. ஆனா எல்லா காப்பியையுமாண்ணே?"

இப்படிப்பட்டவளிடம்தான் போன பருவத்தில் அந்தக் காரியம் நடந்தது.

விடுதியின் சி பிளாக்கில் பன்னிரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. குழாய் உடைந்ததும், மாணவிகள் வாளியோடு மூன்று மாடி ஏறியதும், பழுது பார்க்கும் குத்தகைக்காரர் வராமல் இழுத்தடித்ததும் மூன்றாம் பக்கத்தில் வர இருந்தன. எழுதியவள் எவலின், சாந்தினியின் அறைத்தோழி. பக்கம் அச்சுக்குப் போவதற்கு முதல் நாள், மாணவர் விவகார அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. 'மூன்றாம் பக்கத்தில் குத்தகைக்காரரைப் பற்றிப் போடுகிறீர்களாமே, அவர் தரப்பைக் கேட்டீர்களா? இப்போதைக்கு வேண்டாம்.' அந்த இடத்தில் குறுக்கெழுத்துப் போட்டி போட்டு இதழை வெளியிட்டார்கள்.

செய்தியை நிறுத்தியதை விட, அச்சாகாத பக்கம் அந்த மேசைக்கு எப்படிப் போனது என்பதுதான் அவளைத் தின்றது. திருத்தப் படியைப் போனில் அனுப்பவே மாட்டாள். காகிதத்தில் எடுத்து, எண் போட்டு, கையில் கொடுத்து, கையில் வாங்குவாள். மொத்தமே மூன்று படி. ஒன்று எவலினுக்கு. ஒன்று கணினியில் பக்கம் கட்டும் சசிதரனுக்கு. மூன்றாவது அவளுடையது. அப்படியானால் இருவரில் ஒருவர். மறுபடியும் பக்கம் முன்கூட்டி வெளியே போனால் சி பிளாக் செய்தி எந்தக் காலத்திலும் வராது. யாரென்று தெரியாமல் இருவரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து பத்திரிகை நடத்தவும் முடியாது.

புவனேசனுக்கு அதில் சந்தேகமே இல்லை. சசிதரன்தான்.

"அந்தப் பையன் ஒருநாளாச்சும் கண்ணைப் பார்த்துப் பேசுறானா? வந்தான்னா ஹெல்மெட்டைக் கூடக் கழட்ட மாட்டேங்கிறான்."

"அவனுக்குக் கூச்சம்ணே."

"கூச்சப்படுறவன் எதுக்கு அவ்ளோ பெரிய மோட்டார் ஓட்டுறான்?"

புவனேசன் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவன். சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகத் தரம் பார்க்கிறான். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். ஒரு துளி கசிந்தாலும் அந்தக் கட்டு முழுக்கத் திரும்பிப் போகும். பார்த்து முடித்த ஒவ்வொன்றுக்கும் அட்டையில் ஒரு பென்சில் புள்ளி. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தங்கை படித்து முடித்த படியை அவன் மேலிருந்து ஒரு முறை படிப்பான். ஒரு வரி முடிந்தால் வரியின் முடிவில் ஒரு சின்னப் புள்ளி. அவள் விட்ட பிழை எதையும் அவன் இதுவரை பிடித்ததில்லை. ஆனாலும் படிக்காமல் விட்டதில்லை.

இந்தப் பருவத்தில் அதே செய்தியைப் புதிய தேதிகளோடு மறுபடி எழுதினார்கள். அவள் ஒரு பொறி வைத்தாள். சசிதரனின் படியில் ஓரிடத்தில் மட்டும் 'குளாய்'. எவலினின் படியில் அதே இடத்தில் 'குலாய்'. அவளுடையதில் ஒழுங்காகக் 'குழாய்'. வெளியே போகும் பக்கத்தில் எந்த எழுத்து இருக்கிறதோ, அந்த ஆள் மாட்டினான்.

இதை அண்ணனிடம் மட்டும் சொன்னாள். அவன் தொடையில் தட்டிக்கொண்டான். "என்னா மூளை பாப்பா உனக்கு! பாரு, 'குளாய்'தான் வரும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளை மாணவர் விவகார அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதே நேரத்தில் மன்ற அறையில் சசிதரனும் எவலினும் தங்கள் படிகளை எதேச்சையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். சாந்தினி திரும்பி வந்தபோது சசிதரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றான்.

"மூணு வருசமா ஒன் பேப்பருக்கு 'ழ' போட்டவன் நானு. எனக்கே 'ள' போட்டுக் கொடுக்கிறியா?" என்றான். முதல் முறையாக அவள் கண்ணைப் பார்த்துப் பேசினான். "நீயே கட்டிக்க பக்கத்தை." மோட்டார் சத்தம் வளாகத்து வாசல் வரை கேட்டது. பக்கம் கட்டத் தெரிந்தவர் அவனை விட்டால் அங்கே யாரும் இல்லை. எவலின் அன்றைக்கு அவளோடு சாப்பிட வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாந்தினி வீட்டுக்கு வந்தாள். எதுவும் சொல்லாமல் ஒரு பழைய இதழை அண்ணன் முன்னால் வைத்து, "இதைக் கொஞ்சம் படிச்சுக் கொடுங்கண்ணே," என்றாள். அவன் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தான். முதல் வரி. புள்ளி. இரண்டாம் வரி. புள்ளி. ஏழெட்டு வரி வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அலுவலகத்துல அந்த அதிகாரி மேசையில இருந்த பக்கத்துல 'குழாய்'தான் இருந்துச்சு," என்றாள்.

"சரியான எழுத்தா? அப்ப திருத்திட்டுக் கொடுத்திருக்கான். கெட்டிக்காரன்!"

"ஒவ்வொரு வரி முடிவுலயும் ஒரு பென்சில் புள்ளி இருந்துச்சுண்ணே."

பென்சில் பாதியில் நின்றது.

"போட்டோ எடுத்தீங்களா?"

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். எடுத்துத்தான் இருந்தான். ஒவ்வொரு இதழையும், வெளிவருவதற்கு முன்பே, 'என் தங்கச்சி பேப்பர்' என்று எழுதிக் குடும்ப வாட்சாப் குழுவில் போட்டுக்கொண்டுதான் இருந்தான். நாற்பத்து மூன்று பேர் இருக்கும் அந்தக் குழுவில் சாந்தினி மட்டும் இல்லை. அதில் முதலில் கட்டைவிரலைத் தூக்குபவன் எப்போதும் பெரியம்மா மகன் ஜெயகுமார். ஜெயகுமார் வேலை பார்ப்பது, சி பிளாக்கில் குழாய்ப் பழுது பார்க்கும் அதே குத்தகைக்காரரிடம். அவன் தன் முதலாளிக்குக் காட்டியிருக்கிறான். முதலாளி அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறார்.

"பொறி வச்சிருக்கேன்னு ஒங்ககிட்ட சொன்னேன்ல? அப்புறமும் எப்படிண்ணே?"

"உன் காப்பியிலதான் தப்பு இல்லையே பாப்பா," என்றான் புவனேசன். "தப்பு இல்லாததைத்தானே நாலு பேருக்குக் காட்டணும்."

சமையலறையிலிருந்து அம்மா சிரிப்பது கேட்டது. சாந்தினி சிரிக்கவில்லை. "நாள் பூரா பேக்டரில லீக்கு பாக்குற ஆளு. வீட்டுக்கு வந்தா நீங்கதான் லீக்கு."

அதிகாரி அந்தப் புள்ளிகளைக் காட்டி, யார் வைத்தது என்று கேட்டாராம். தெரியாது என்று சொல்லிவிட்டாளாம். எதிரே நிற்பவர் சொல்லும் சொந்தப் பெயரைக்கூட நம்பாதவள், அண்ணனுக்காக ஒரு பொய்யை முகம் மாறாமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதோடு நிற்கவில்லை. 'வரிக்கு வரி பார்த்திருக்கிறோம் சார், ஒரு தேதி தப்பாக இருந்தால் காட்டுங்கள். குத்தகைக்காரர் தரப்பை எழுதிக் கொடுங்கள், அதையும் அடியில் போடுகிறோம்' என்றாளாம். அவர் இரண்டு நாள் தேடிப் பார்த்தார். தேதி எதுவும் தப்பாக இல்லை. வியாழக்கிழமை மாலை ஆறு வரியில் பதில் வந்தது. பக்கம் போகலாம். கட்டத்தான் ஆள் இல்லை.

புவனேசன் அவளிடம் சசிதரனின் எண்ணைக் கேட்டு வாங்கினான். வாசலில் செருப்பு வைக்கும் இடத்தில் நின்றுகொண்டு பேசினான்.

"தம்பி, நான் சாந்தினியோட அண்ணன் பேசுறேன். தப்பு செஞ்சது நீங்க இல்ல, நான்தான். உங்க மேல சந்தேகப்பட்டதும் மொதல்ல நான்தான். பாப்பா எங்கே நம்புச்சு? நான்தான் ஹெல்மெட்டு, அது இதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"ஹெல்மெட்டா? என்னாண்ணே?"

"ஒண்ணும் இல்ல தம்பி. மன்னிச்சிருங்க."

"எவலின்கிட்டயும் சொல்லிருங்க. அவளுக்கு 'ல' வந்திருக்கு, என்னைய விட மோசம்," என்று பதில் வந்தது. அவளுக்கும் சொன்னான். அவள் எடுத்த எடுப்பில் திட்டினாள், பிறகு அழுதாள், கடைசியில் சாந்தினியிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் எவலினின் பழைய கஞ்சில் கார் வாசலில் வந்து நின்றது. சசிதரன் அனுப்பிய புதிய மூன்றாம் பக்கத்தை அவள் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். குழாய் உடைந்த செய்தி மேலே, அலுவலகத்தின் ஆறு வரி கீழே. இப்போது ஒரே படிதான். சாந்தினி அளவுகோலோடு கீழிருந்து மேலே ஏறினாள். ஏறி முடித்ததும் தாளை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அண்ணன் பக்கம் திருப்பி வைத்தாள்.

புவனேசன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பென்சிலை எடுத்தான். அவள் உள்ளங்கையை நீட்டினாள். பென்சிலைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, அதை அவள் கையில் வைத்தான். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கை நீட்டியபடியே இருந்தது. எவலின் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்குப் புரிந்தது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

சாந்தினி போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் அளவுகோலை வைத்தாள். பிறகு பென்சிலின் முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்தாள்.