பின்சீட்டு ரஞ்சனி

சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மின்சாரக் காரின் மூன்றாவது வரிசைக்குள் குனிந்து நுழைந்தாள் ரஞ்சனி. கைப்பையிலிருந்து மர ஸ்கேலை எடுத்துத் தன் முழங்காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே வைத்தாள். இரண்டு விரற்கடை.

"மேடம், முன்னாடி வந்து ஸ்க்ரீனைப் பாருங்க" என்றார் ஷோரூம் விற்பனையாளர் சித்தார்த்.

"நான் பாக்க வேண்டியது இங்கதாங்க இருக்கு."

ஸ்ரீரங்கத்தில் வீடு. கணவன் அழகிரிக்கு மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை. ரஞ்சனி கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள். மாதம் தவறாமல் குடும்பம் பச்சைமலைக் குலதெய்வத்தைக் கும்பிடப் போகும். அழகிரி ஓட்ட, பக்கத்தில் மாமனார். நடுவில் மாமியார், நாத்தனார், நாத்தனார் புருஷன். பின்னால் புளியோதரைத் தூக்குவாளியும் ரஞ்சனியும். மலை வளைவில் குடல் வாய்க்கு வரும். நார்த்தங்காய்த் துண்டை நாக்கடியில் அடக்கிக்கொண்டு, தூக்கு கவிழாமல் பிடித்துக்கொண்டு போவாள். பதினெட்டு வருஷம், மூன்று வண்டி. ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, "நீ முன்னாடி வா" என்று சொல்ல வேண்டுமே! வயிறு எரியாமல் என்ன செய்யும்? நாலாவது வண்டியிலும் அதே மூலைதான் என்றால் அவள் ஏறுவதாக இல்லை.

கோபம் வந்தால் கத்த மாட்டாள். குரல் இறங்கும், மரியாதை ஏறும். "ரொம்ப சௌகரியமா இருக்குங்க" என்று அவள் மெதுவாகச் சொன்னால், அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் இரண்டாவது காபி கேட்பதில்லை.

இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், ஸ்பீக்கர் எத்தனை, கூரைக் கண்ணாடி எத்தனை அடி என்று அழகிரி ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். ரஞ்சனியின் ஒப்பீடு வேறு. வெள்ளை வண்டியில் பேட்டரி அடியில் இருப்பதால் தரை உயர்ந்து, முழங்கால் தாடையைத் தொடுகிறது. ஏசிக் காற்று எட்டிப் பார்க்கவில்லை. நீல வண்டியில் காற்று வருகிறது. ஆனால் நடு வரிசைக்காரர் இறங்கி வழி விட்டால்தான் வெளியே வரலாம்.

"வாந்தி வந்தா யார்கிட்ட அனுமதி வாங்கிட்டு எடுக்கணுங்க?"

சித்தார்த் விழித்தார். அழகிரி பக்கம் திரும்பி, "பின்னாடி யாரு சார் உக்காருவாங்க?" என்றார்.

"என் வொய்ஃப்தான்" என்றான் அழகிரி, போனிலிருந்து தலையைத் தூக்காமல். "அவளுக்குப் பழகிடுச்சு."

ரஞ்சனி ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

"ஓட்டிப் பாத்துடலாங்க. நீங்க பின்னாடி ஏறுங்க."

"நானா?"

"பாத்துத்தானே வாங்கணுங்க."

வயிற்றை எக்கிக்கொண்டு நீல வண்டியின் கடைசி வரிசையில் அவன் புகுந்தான். அவனுக்கு நேர் முன்னால், நடு வரிசையில் ரஞ்சனி அமர்ந்தாள். சித்தார்த் வண்டியை எடுத்தார். காவிரிப் பாலம் ஏறுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரஞ்சனி, கால் மரத்துப்போச்சு. சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளு."

"பழகிடும்ங்க" என்றாள் அவள், ஆற்றைப் பார்த்தபடி. சீட்டின் பக்கவாட்டில் இருந்த பொத்தானைத் தேடி அழுத்தினாள். சீட்டு மெல்லப் பின்னால் நகர்ந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.