கூப்பிட்ட பிறகுதான் செய்தி

"ஏய், அது ஒன்னத்தான் கூப்பிடுது. காது கேக்கலயா?"

யோகேஸ்வரி அக்கா பெட்டியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். மலேசியாவில், சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலை ஒன்றின் சோதனை அறை. மேசையின் இரு முனைகளில் இரண்டு பெட்டிகள். பூமியைத் தாழ்வாகச் சுற்றப்போகும் இரண்டு செயற்கைக்கோள்களுக்கானவை. ஒன்றின் சிக்னலோடு மற்றது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அக்காவின் வேலை. எனக்குப் பக்கத்துப் பிரிவில் பேக்கிங்.

"மேல ரெண்டும் பேய் வேகத்துல ஓடுதுலா, தங்கச்சி. மோட்டார் தாண்டிப் போனா ஹாரன் சத்தம் மாறுமே, அப்படித்தான் சிக்னலும் மாறும். அதனால ஒன்னு மொதல்ல கூப்பிடணும். மத்தது அதைப் புடிச்சு, அலைவரிசை, நேரம் எல்லாம் சரிபண்ணிக்கும். அப்புறம்தான் விஷயம். எடுத்ததும் விஷயத்த அனுப்பினா குப்பைதான்."

தட்டில் மீ கோரேங் நூடுல்ஸ் ஆறிக் கட்டியாகும்வரை இதையே பேசுவார். தொலைபேசியிலும் அப்படித்தான். "கேக்குதா? கேக்குதா?" நான் பதில் சொல்லாமல் மேற்கொண்டு ஒரு சொல் வராது. கடுப்பாக இருக்கும்.

இப்பேர்ப்பட்டவர்தான் மகள் நளினியின் நிச்சயத்துக்குச் சொந்த அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அட்டையை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தார். தாய்மாமனை வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டும். அந்த வாரம் பெட்டிகள் சண்டித்தனம் செய்தன. ஓவர்டைம் முடிந்து வீட்டுக்கு வந்து விழுவதே பெரும்பாடு. புக்கிட் செலம்பாவிலிருந்து அய்யாவு அண்ணன் வரவில்லை. மாமன் இல்லாமலே நிச்சயம் நடந்தது. நளினி அழுத அழுகை எனக்கே பொறுக்கவில்லை.

"தெனம் இதத்தானே பாக்குறேன்? அண்ணன்கிட்ட மட்டும் கூப்பிடாம விஷயத்த அனுப்பிட்டேன். என்ன செருப்பால அடிக்கணும்லா."

கல்யாணம் நெருங்கிவிட்டது. மாமன் வராவிட்டால் நளினியைக் கைப்பிடித்து மணவறைக்கு யார் அழைத்து வருவது? போன ஞாயிறு அக்கா தட்டோடு என் மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

அண்ணன் கதவைத் திறந்தார். "மன்னிச்சிருண்ணே," என்று அக்கா நீட்டிய தட்டை இரு கைகளாலும் வாங்கினார்.

"நளினிக்காக வரேன். மாமன் முறை செய்றேன்."

அவ்வளவுதான். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, துண்டால் துடைத்துத் தங்கைக்குப் போட்டார். அந்த வீட்டில் நேரே அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்க்கிறவர் அக்கா. யாரோ விருந்தாளிக்குப் போடுவதுபோல அவருக்கு நாற்காலி.

அக்கா அதில் உட்காரவில்லை. அதன் பக்கத்தில் வெறுந்தரையில், அண்ணன் காலருகே உட்கார்ந்துகொண்டார்.