மட்டாஞ்சேரியில் வழுக்கைத் தலைக்கும் முடிவெட்டு

டிசம்பர் வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொச்சிக்குப் போய்விடுவேன். ஊர் சுற்ற இல்லை, முடி வெட்ட.

பட்டாளத்தில் பதினேழு வருஷம் நான் பிடித்த ஆயுதம் கத்தரிக்கோல். எங்கள் யூனிட்டில் பெரிய விருந்து என்றால் ஒரு வழக்கம் உண்டு. தலையை ஒட்ட வெட்டாதவனுக்குத் தட்டு கிடையாது. ரிட்டயர் ஆன பிறகும் எங்கள் ஆட்கள் அதை விடவில்லை. ஒன்பது பேர் கூடுகிறோம், ஒவ்வொருத்தராக என் ஸ்டூலில் உட்காருகிறார்கள், அப்புறம்தான் சோறு. நாலு வருஷமாக இடம் மட்டாஞ்சேரி. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழன் மாணிக்கம் எங்களோடு இருந்தவன், இப்போது வெலிங்டன் தீவில் ஒரு கிடங்குக்குக் காவல். ஏற்பாடெல்லாம் அவன் பொறுப்பு.

போகிறவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் காலை ஆறேகால் ரயில், முன்பதிவு இல்லாத பெட்டி, எண்பது ரூபாய். பாலக்காட்டில் வடை வாங்குங்கள், சட்னியை நம்பாதீர்கள். பத்தரைக்கு எர்ணாகுளம். அங்கிருந்து படகுத்துறைக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய். போன தடவை ஆட்டோக்காரர் என் தகரப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“உள்ள எந்தா சேட்டா?”

“ஆயுதம்.”

வண்டி கொஞ்சம் மெதுவானது. திறந்து கத்தரிக்கோலைக் காட்டினேன். சிரித்துவிட்டு, தன் கிருதாவைத் தடவி, “இதொண்ணு சரியாக்கித் தருமோ?” என்றார். சிக்னலில் நின்ற நேரத்தில் சரியாக்கினேன். ஆனாலும் ஐம்பதை முழுசாக வாங்கிக்கொண்டார்.

ஃபோர்ட் கொச்சிக்குப் படகு ஆறு ரூபாய், இருபது நிமிஷம். இடது பக்க ஜன்னல் பிடியுங்கள், வெலிங்டன் தீவும் கடற்படைக் கப்பலும் தெரியும். கப்பல்காரர்களை நாங்கள் மதிப்பதில்லை. போகிற இடத்துக்குக் கட்டிலையும் கூடவே கொண்டு போகிறவன் எப்படி சிப்பாய் ஆவான்? இறங்கினால் மட்டாஞ்சேரி இரண்டு கிலோமீட்டர். நடந்தே போகலாம். கடைத்தெருவில் சுக்கு, மிளகு நெடி மூக்கில் ஏறி நாலு தும்மல் போட்டால் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம்.

நாங்கள் கூடுகிற இடம் ஒரு பழைய சுக்குக் கிடங்கின் பின்முற்றம், காயல் ஓரம். பதினொன்றே முக்காலுக்கு வேலையை ஆரம்பித்தேன். முதல் தலை எப்போதும் சுபேதார் ஜோசப் சாருடையது. அதில் ஒரு முடி கூடக் கிடையாது. ஆனாலும் உட்கார வேண்டும், அதுதான் சட்டம். நான் துண்டைப் போர்த்தி, காற்றில் இரண்டு நிமிஷம் கத்தரியைத் தட்டுவேன். “பின்னாடி இன்னும் கொஞ்சம் குறை,” என்பார். “குறைச்சா மூளை தெரியும் சாப்,” என்பேன். வருஷா வருஷம் அதே பேச்சு, அதே சிரிப்பு.

ஏழு தலை முடிந்தது. மாணிக்கம் ஸ்டூல் பக்கம் வரவே இல்லை. இலையைத் துடைக்கிறான், துடைத்த இலையையே திரும்பவும் துடைக்கிறான். தலையில் காது மறைக்க முடி, தார் ரோடு மாதிரி கறுப்பு. அடுத்த வியாழக்கிழமை அவனுக்குக் கல்யாணம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஐம்பத்து நாலு வயசில், முதல் மனைவி இறந்து ஆறு வருஷத்துக்குப் பிறகு. நான் கூப்பிட்டதும் என்னை ஓரமாக இழுத்துப் போனான்.

“முருகேசா, இந்த வருஷம் என்னை விட்ருடா.”

“மாப்பிள்ளைக்குத் தனிச் சட்டமா?”

“வசந்தா என்னைத் தலையில மையோடதான் பார்த்திருக்கா. அவ முதல் புருஷன் ஏழு வருஷம் படுக்கையில கிடந்தாரு. எல்லாம் இவதான் பார்த்தா. இன்னொரு கிழவனுக்குக் கஞ்சி ஊத்த என்னால ஆகாதுன்னு பேச்சு எடுத்த அன்னைக்கே சொல்லிட்டா.”

வேரைப் பிரித்துப் பார்த்தேன். மை அடித்து இரண்டு வாரம் இருக்கும். மெஷினை ஓட்டினால் கறுப்பெல்லாம் தரையில், வெள்ளை மட்டும் தலையில். “வெட்டிட்டு சாயங்காலம் திரும்ப அடிச்சுக்கோயேன்,” என்றேன்.

“ஒரு மணிக்கு அவதான்டா சாப்பாடு கொண்டு வரா!”

ஜோசப் சார் காதில் விழுந்துவிட்டது. அவர் மலையாளி, நான் தமிழன், மாணிக்கம் இரண்டும். ஆனால் சண்டை என்று வந்தால் எல்லோரும் இந்திக்குத் தாவிவிடுவோம், பட்டாளத்துப் பழக்கம். ஐந்து நிமிஷம் இந்தியில் கத்தினார்கள். பாதிப் பேர் ‘பாவம், விடுங்க’ கட்சி, பாதிப் பேர் ‘வழுக்கையே உட்கார்ந்தாச்சு’ கட்சி. அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது.

பள்ளுருத்தியிலிருந்து வந்திறங்கிய வசந்தா கப்பைக் கிழங்கும் மீன்கறியும் இருந்த பெரிய பாத்திரங்களை இறக்கிவிட்டு, எங்கள் தலைகளை வரிசையாகப் பார்த்தார். அந்த ஊர் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறவர், ஒரு பார்வையில் சொத்தை எது என்று கண்டுபிடித்துவிடுகிறார்.

“எல்லாரும் வெட்டியாச்சு. இவரு மட்டும் எந்தா?”

முற்றத்துத் தூணுக்குப் பின்னால் நின்ற மாணிக்கம் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறை. நான் சீப்பில் ஒட்டியிருந்த முடியை ஊதினேன். கடைசியில் அவனே சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு: “உள்ள எல்லாம் வெள்ளை, வசந்தா. வெட்டினா தெரிஞ்சிரும்.”

“அதா காரியம்? போன மேட மாசம், சித்திரை வெயில்ல ஏணியில ஏறி என் கடைக்குத் தார்ப்பாய் கட்டினீங்களே, ஓர்மை இருக்கா? காதுக்குப் பின்னால கறுப்பா ஒழுகி காலர் வரைக்கும் வந்துச்சு. நான் பார்க்கலைன்னு நினைச்சீங்களோ?”

“அப்பவே ஏன் சொல்லல?”

“கயிறு கட்டி முடியட்டும்னு இருந்தேன்.”

ஜோசப் சார் சிரித்த சிரிப்பில் துண்டு காயலில் விழுந்தது. வசந்தா மட்டும் சிரிக்கவில்லை.

“ஏணியில ஏறி நின்ன ஆளைப் பார்த்துத்தான் நான் சம்மதிச்சேன், மையைப் பார்த்து இல்ல. இப்ப தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கிறீங்களே, இதுதான் கிழவன் பண்ற வேலை. போய் ஸ்டூல்ல இருங்க.”

போய் உட்கார்ந்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஒரு தலையை வெட்டியதில்லை. அப்படியும் நாலு நிமிஷம்தான் ஆனது. கறுப்பு கொத்துக்கொத்தாக விழுந்தது. கண்ணாடியை நீட்டினேன், அவன் வாங்கவில்லை, வசந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கிட்டே வந்து உள்ளங்கையால் உச்சியை ஒரு தடவு தடவினார்.

“தேங்காய்த் துருவல் போலே இருக்கு,” என்றார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், தெருவில் போன இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் இலை போட்டோம். முடி வெட்டாமலே சோறு கிடைத்தது எங்கள் வரலாற்றில் அந்த இரண்டு பேருக்குத்தான்.

இத்தனை வருஷம் இந்த வழக்கத்தை ஒரு கிண்டலாகத்தான் நினைத்திருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தவன் யாராக இருந்தாலும் தலையில் உள்ளது உள்ளபடி தெரிந்துவிடுகிறது. அதைப் பார்த்த பிறகும் பக்கத்தில் இலை போட்டு உட்காருகிறவர்கள்தான் நம் ஆட்கள். அன்றைக்கு அதில் ஒரு ஆள் கூடிவிட்டது.

நீங்கள் போவதென்றால் டிசம்பரில் போங்கள், வெயில் கொல்லாது. வெள்ளிக்கிழமை அரண்மனையும் சனிக்கிழமை யூதக் கோயிலும் மூடியிருக்கும். சாயங்காலப் படகில் கூட்டம் நெரியும், ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். திரும்பும்போதும் நடை, படகு, ரயில் என்றே வந்தால் செலவு ஐநூறைத் தாண்டாது. பள்ளுருத்தி மார்க்கெட்டில் காய் வாங்கினால், ஞாயிற்றுக்கிழமை லீவில் ஒட்ட வெட்டிய வெள்ளைத் தலையோடு ஒருத்தர் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவரிடம் விலை கேட்காதீர்கள், இன்னும் அவருக்கு அது பிடிபடவில்லை. பக்கத்தில் இருக்கிற அக்காவைக் கேளுங்கள்.