சொட்டு மருந்தும் சுவரில் ஓடும் டோக்கனும்: தாம்பரத்திலிருந்து ஒரு கண் ஆஸ்பத்திரிப் பயணம்

“பாப்பாவுக்கு இன்னா வேல சார், கம்ப்யூட்டரா?” என்று எங்கள் தெரு ஆட்டோக்காரர் ஒருமுறை கேட்டார். இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கு விடை தெரியவில்லை. என் மகள் நிவேதா நாவலூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சர்வீஸ் டிசைனர். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. உதாரணமாக, வங்கிக்குள் நுழைவதிலிருந்து வெளியே வரும்வரை நாம் எங்கெங்கே திணறுகிறோம் என்று பார்த்து, அதைச் சரிசெய்ய வழி சொல்கிற வேலை. இது எனக்குப் புரிந்தது போன வெள்ளிக்கிழமைதான்.

அன்று சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆய்வு. அவள் பொறுப்பில் விட்ட முதல் வேலை. உருப்படியாக ஏதாவது கிடைத்தால் திங்கட்கிழமை ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் அவளே பேசலாம். இல்லாவிட்டால் பழையபடி சீனியருக்குக் குறிப்பெடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். எனக்கும் கண் பரிசோதனை பாக்கி இருந்ததால் சேர்ந்து கிளம்பினேன்.

முடிச்சூரிலிருந்து தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். கிழக்குத் தாம்பரத்தில் காலை ஏழரைக்குப் பேருந்து. மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சுமார் பதினேழு கிலோமீட்டர். ஒரு மணி நேரம் பிடித்தது. இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது.

“அங்க நீங்க சாதாரண பேஷன்ட்பா. எனக்கு உங்களத் தெரியாது, ஓகேவா?” என்றாள் நிவேதா. தலையாட்டினேன்.

ஆனால் பழக்கம் விடுமா? பள்ளிக்கு ஆய்வு அதிகாரி வரும் நாளில் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமே, அதையே காத்திருப்பு ஹாலிலும் செய்தேன். “ஒரு பொண்ணு வந்து கேக்கும்மா. நல்லா இருக்குன்னு சொல்லுங்க. பாவம், அதுக்கு முதல் வேலை.”

பகலில் கேன்டீனில் நிவேதா டீயைத் தொடவே இல்லை.

“எல்லாரும் ‘சூப்பர், ஒரு குறையும் இல்ல’ன்றாங்கப்பா.”

“நல்லதுதானே?”

“நல்லா இருக்குன்னு சொல்ல நான் எதுக்குப்பா? எங்க கஷ்டம்னு தெரிஞ்சாதானே திங்கட்கிழமை வாயத் திறக்க முடியும்?”

என் டம்ளரைக் கீழே வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். முறைத்தவள், சிரித்துவிட்டாள். “மொத்த ஹாலுக்கும் டியூஷன் எடுத்தீங்களா?”

இருவரும் ஹாலுக்குத் திரும்பினோம். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வந்து, காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வியிடம், “நான் சொன்னத விட்டுடும்மா, உள்ளதச் சொல்லு” என்றேன்.

“அப்ப கேட்டுக்கோ பாப்பா. கண்ல மருந்த ஊத்திட்டு, டிவில டோக்கன் நம்பரப் பாருன்றாங்கோ. எப்டித் தெரியும்? என் நம்பர் எப்பவோ பூட்ச்சி! இந்த சார் மட்டும் இன்னாவாம்? பக்கத்துல கேட்டுகினுதான் குந்திகினு கீறாரு!”

ஹாலே சிரித்தது. உண்மைதான். மருந்து ஊற்றியதிலிருந்து எனக்கும் எழுத்தெல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது, மகளிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். நிவேதாவின் பேனா நிற்கவில்லை.

திங்கட்கிழமை அவளே பேசினாள். மருந்து ஊற்றியவர்களை இனி அருகில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

கண் பரிசோதனைக்குப் போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள். திரும்பும்போது வண்டி ஓட்டாதீர்கள். அக்கறையாக விசாரிக்கிறவரிடம் பட்ட கஷ்டத்தை மறைப்பது மரியாதை என்றே நாம் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை ஏதாவது ஓர் இடத்தில் “எப்படி இருந்தது?” என்று கேட்டால், நீங்கள் திணறிய ஓர் இடத்தை முதலில் சொல்லிப் பாருங்கள்.